படகில் தோசை சுடுவதற்கு முன்

இங்கிலாந்துக்குப் போன புதிதில் எனக்குத் தோசை வட்டமாக வரவேயில்லை. மாவை நடுவில்தான் ஊற்றுவேன். அது பாட்டுக்கு ஜன்னல் பக்கம் ஓடி அடையாகத் தடித்துவிடும். இந்தப் பக்கம் காகிதமாகக் காயும். அடுப்பைத் திட்டினேன், கல்லைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் சாய்ந்திருந்தது வீடு. நாங்கள் குடியிருப்பது கால்வாயில் கட்டிக் கிடக்கும் ஒரு படகு.

"தண்ணிக்கரையில வீடு பாத்திருக்கேன் புள்ள" என்றுதான் என் கணவர் காரைக்குடிக்குப் போன் செய்து சொன்னார். பலகையில் நடந்து உள்ளே கால் வைத்தபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. நகரத்து வாடகை கட்டுப்படியாகாது என்பது அவர் கட்சி. அதைவிட, படகென்றால் அவருக்கு உயிர். லீவு நாளெல்லாம் இன்ஜினைத் துடைத்துக்கொண்டே கிடப்பார். ஆகவே, படகில் குடியேறும் எண்ணமுள்ள ஊர்க்காரர்களே, முதலில் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பாரம். கிரைண்டர், அரிசி மூட்டை, ஊரிலிருந்து சுமந்துபோன இரும்புச்சட்டி எல்லாவற்றையும் கைக்கு வாட்டமாகச் சமையல் பக்கமே அடுக்கினேன். வீடென்றால் அப்படித்தானே அடுக்குவோம்? ஒருநாள் பக்கத்துப் படகிலிருக்கும் மார்கரெட் என்ற பெண்மணி வந்து, அடுப்படியைக் காட்டி, உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்து வேகமாக ஏதோ சொன்னார். அன்று கருவாட்டுக் குழம்பு. நாற்றம் தாங்கவில்லை என்கிறார் போலும் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் சமாதானமாகப் பாயசம் கொடுத்தேன். கிண்ணத்தோடு ஒரு வண்டிச் செங்கல்லும் திரும்பி வந்தது! பாயசத்துக்குச் செங்கல்லா? சாயங்காலம் வந்த கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். படகு சாயாமலிருக்க எதிர்ப்பக்கம் வைக்கக் கொடுத்தாராம். வைத்தோம். தோசை வட்டமானது.

தண்ணீர்க் கதை தனி. சுற்றிலும் தண்ணீர், ஆனால் குளிக்கவும் குடிக்கவும் தொட்டியில் பிடித்து வைத்ததுதான். காரைக்குடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நிற்போம். அங்கே வீட்டையே ஓட்டிக்கொண்டுபோய் நிற்க வேண்டும். கக்கூஸ் பெட்டி நிறைந்தால் என்ன செய்வோம் என்பதை, சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களுக்காக, சொல்லாமல் விடுகிறேன்.

குளிரைத்தான் என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை. நான் உண்டாகியிருந்தபோது பனி உறைந்த பலகையில் கால் வழுக்கியது. மார்கரெட் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அடி ஒன்றுமில்லை, ஆனால் அதன்பிறகு கைபிடிக்க ஆளில்லாமல் நான் பலகையில் கால் வைக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பும்போது தீர்த்துச் சொல்லிவிட்டேன்: "நானும் புள்ளையும் திரும்பி வரணும்னா இந்தப் படகை வித்துருங்க மச்சான்." அவர் உடனே சரியென்று தலையாட்டினார். அதுதான் எனக்கு வலித்தது.

இங்கே அம்மா வீட்டில் மகன் பிறந்தான். பத்தியச் சாப்பாடும் சாம்பிராணிப் புகையுமாக ராஜபோகம். போன வாரம் வீடியோவில் அவர் அழைத்தார். படகை வாங்க ஆள் வந்திருக்கிறதாம்.

"இவுகளுக்குப் புடிச்சிருக்கு. சரின்னு சொல்லிறவா?"

அம்மா என் தோளில் இடித்தாள். "என்னத்த யோசிக்கிற? வித்துட்டு இங்குட்டே வந்துறச் சொல்லு. ஒங்க அத்தா மருமகனுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை பாத்து வச்சிருக்காக."

வந்தவர் கனமான ஆள். போனில், அவர் சமையல் பக்கம் நடக்க நடக்கப் படகு மெல்லச் சாய்ந்தது. கொக்கியில் தொங்கிய கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. என் அடுப்படியை அந்த மனிதர் திறந்து திறந்து பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது.

"ஏன்டி அங்குட்டுச் சாயிற? இடுப்பு வலிக்குதா?" என்றாள் அம்மா.

அப்போதுதான் கவனித்தேன். ஆத்தங்குடிக் கல் பாவிய அசையாத தரையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, படகு சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கமாக நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"விக்காதீக மச்சான்" என்றேன்.

அம்மா என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.