மச்சான் மாட்டின சஹன் அலுமாரி

உப்புக்காத்துல புளொக்கல்லுச் சுவர் பொரிஞ்சு கொட்டுதெண்டு குசினி முழுக்க ஜிப்சம் பலகை அடிச்சிருக்கம். பலகைக்கும் கல்லுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி.

அந்தச் சுவர்லதான் விருந்துச் சோறு போடுற பீங்கான் சஹன் அடுக்குற அலுமாரிய மாட்ட வந்தார் எங்கட மச்சான், என்னோட கூடப் பிறந்த ராத்தாட மாப்பிள்ளை. கையில அரை விரல் நீள ஸ்க்ரூ.

"மச்சான், இது பலகையோட நிண்டுரும். கல்லுக்குள்ள இறங்குற நீட்டு போல்ட் போடுங்க."

"கட்டார்ல ஹோட்டல் ஹோட்டலா மாட்டினவன் நான். நீ போய்த் தேத்தண்ணி ஊத்து."

ஊத்தினேன். மாட்டினார். குடிச்சார். போனார்.

இண்டைக்கு உம்மா அதுக்குக் கீழ கதிரையப் போட்டு வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தா. அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டு, ஒழு எடுக்க எழும்பிப் போனா. அவ வாசலத் தாண்டல்ல, அலுமாரி பலகையையும் பிச்சிக்கிட்டு அந்தக் கதிரை மேலயே விழுந்திச்சி. சஹன் ஒண்டும் மிச்சமில்ல.

நான் கோல் எடுத்துச் சொன்னா, மச்சான் சொல்றார்: "கண்ணூறு பட்டிருக்கு."

ஓம் மச்சான், கண்ணூறுதான். கடைக்குப் போய்க் அந்த அரை விரல் ஸ்க்ரூவ வாங்கிட்டு வந்ததும் அதுதான்.

நாளைக்கு டீவி மாட்டித் தர வாறாராம். ஆருக்காவது மச்சான் தேவையெண்டா சொல்லுங்க, ராத்தாக்கிட்ட நான் கதைக்கிறேன்.