வீட்டுக்கு வந்த படமும் அமலதாஸ் அண்ணனும்

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பிலோமினா அக்காவின் அழைப்பு வந்தது. "அவர் விடிய எழும்பேல்லை, தங்கச்சி" என்றார். ஓய்ந்து இருக்கத் தெரியாத அவருடைய கணவர் அமலதாஸ் அண்ணன் நித்திரையிலேயே போய்விட்டார் என்பதை நம்ப எனக்கு அன்று பகல் முழுவதும் பிடித்தது.

அமலதாஸ் அண்ணனைக் கொட்டாஞ்சேனையில் உங்களில் பலருக்குத் தெரியும். இந்தியத் தமிழ்ப் படங்களை வாங்கிக் கொழும்புப் படமாளிகைகளில் வெளியிடுவது அவர் தொழில். அவற்றுக்கு விளம்பரம் எழுதுவது என் வேலை. முதற்காட்சியன்று அவர் திரையைப் பார்க்கமாட்டார். வாசலோரம் நின்று சனங்களின் முகத்தைப் பார்ப்பார். "படத்தைப் பிறகும் பாக்கலாம். இவையள் முதல் தடவை சிரிக்கிறதை இண்டைக்கு மட்டுந்தான் பாக்கலாம்" என்பார்.

ஒரு பெரிய நட்சத்திரத்தின் படத்தை அவர் மலைபோல் நம்பியிருந்தார். படமாளிகைகளுடன் பேசி முடித்துச் சுவரொட்டியும் அடித்தாயிற்று. அந்த நேரத்தில், படம் தியேட்டருக்கு வராது, நேரே ஓடிடியில்தான் என்று சென்னைத் தயாரிப்பாளர் அறிவித்தார். அண்ணன் திரும்பத் திரும்பச் சென்னைக்கு அழைத்தார். ஒரு கிழமை, ஏழு நாளாவது எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டார். மரியாதையாகவே மறுத்துவிட்டார்கள்.

என் கணவர் சிவாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் இயங்காமற் போனபின் நாங்கள் தியேட்டர்ப் பக்கமே போனதில்லை. அந்தப் படம் வீட்டுக்கு வருகிறது என்றதும் அவருக்கு வந்த சந்தோஷத்தை அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படம் வெளியான வெள்ளிக்கிழமை மாலை, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. படம் பார்த்துச் சிவா வாய்விட்டுச் சிரிப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போனார். தேடிப்போனபோது மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

"கீழ்வீட்டிலயும் இதே படந்தான். சிவா சிரிச்ச இடத்தில அவை முன்னமே சிரிச்சு முடிஞ்சுது. மேல்வீட்டில இன்னும் அந்த இடம் வரேல்லை. ஒருத்தரும் ஒண்டாச் சிரிக்கேல்லை, தங்கச்சி."

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கட படமாளிகையில இவர் சக்கர நாற்காலியோட ஏற ஒரு வழி இருக்கா, அண்ணன்? இவருக்கு இருக்கிற தியேட்டர் இதுதான்" என்றேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

கோபம் என்றுதான் நினைத்தேன். சில கிழமைகள் என்னோடு கதைக்கவும் இல்லை. பிறகு பிலோமினா அக்கா சொல்லித்தான் தெரியும்: தன் வீட்டுக்கு அருகிலிருந்த படமாளிகைக்கு அவர் நாள்தோறும் போய்க்கொண்டிருந்தார். பக்கக் கதவின் படியை இடித்துச் சரிவாக்க வேண்டும், கடைசி வரிசையில் இரண்டு கதிரைகளைக் கழற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சனமே குறைகிற நேரத்தில் இது எதற்கு என்றாராம் முதலாளி. "வராத சனத்தைப் பற்றியே கதைக்கிறம். வர ஏலாத சனத்தை ஆராவது நினைச்சமா?" என்று அண்ணன் கேட்டாராம். கேட்டுவிட்டு மறுநாளும் போயிருக்கிறார். கடைசியில் சரிவு வந்தது.

இறப்பதற்குச் சில நாள் முன்பு எனக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த பெரிய படம் தியேட்டருக்குத்தான் வருகிறதாம். "சிவாவைக் கூட்டிக்கொண்டு வா. படத்தை வீட்டுக்கு வித்ததை நான் சாகும்வரைக்கும் சரியெண்டு சொல்லமாட்டன். ஆனா நீ கேட்டது சரி."

அடக்கம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படம் வெளியானது. சக்கர நாற்காலியை அந்தச் சரிவில் நானே தள்ளிக்கொண்டு போனேன். அரங்கில் பாதி வெறுமை. ஓரிடத்தில் சிவா உரக்கச் சிரித்தார். முன்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தபடியே திரும்பி அவரைப் பார்த்தார். இடைவேளையில் அண்ணனுக்கு இதைச் சொல்லலாம் என்று என் கை தொலைபேசியைத் தேடிற்று.

இப்போது ஒவ்வொரு விளம்பரத்திலும் படமாளிகையின் பெயருக்குக் கீழே, சக்கர நாற்காலிக்கு வழி உண்டு என்று ஒரு வரி எழுதப் பார்க்கிறேன். எழுத முடியாத இடங்களே அதிகம். அங்கெல்லாம் அழைத்து ஏன் இல்லை என்று கேட்கிறேன். பார்ப்போம் என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபின் எனக்கு வேலை ஓடுவதில்லை, மறுநாளும் அழைக்கிறேன். சும்மா இருக்கவிடாத அந்த அந்தரம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது.