உள்ளங்கையை விடாத வேன்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் என் வலது உள்ளங்கையை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். நடுராத்திரியில் நாய் ஊளையிட்டால்தான் பேய் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? எனக்கு மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்தது. சாப்பிட்டுக் கழுவிய கை இன்னும் காயவில்லை!

நான் ஓய்வுபெற்ற மெக்கானிக். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு லட்சம் எஞ்சின் பிரித்திருக்கிறேன். நாலாயிரம்தான் இருக்கும் என்பாள் என் மனைவி. அவளுக்குக் கணக்கு வராது. அவளுடைய ஒரே தம்பி, என் மச்சான், ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கிவந்து என் ஷெட்டில் நிறுத்தினான். கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர் வண்டி. டிரைவருக்குப் பக்கத்து சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின்.

"அத்தான், ஓடுனா நல்லாதான் இருக்கு. நின்னா மூச்சு வாங்குது."

"உனக்கு நேர் எதிர்னு சொல்லு."

சிரித்துக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினான். வண்டி நின்றபடியே எஞ்சின் ஓடியது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் அறுநூறில் இருந்து ஆயிரத்து எண்ணூறுக்கு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. ம்ம்ம்... வ்ர்ர்ர்... ம்ம்ம்... வ்ர்ர்ர்...

இது ஒன்றும் புதுசு இல்லை. எங்கேயோ ஒரு ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போனால் ஐடில், அதாவது நின்றபடி ஓடும் வேகம், இப்படித்தான் ஆடும். ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். ஜாயின்ட் எல்லாவற்றிலும் ஸ்பிரே அடித்தேன். ஓட்டையே இல்லை. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். நான் கையைக் கிட்டே கொண்டுபோனால் எஞ்சின் வேகமாக இரைத்தது. கையை எடுத்தால் தணிந்தது.

இன்னொன்றும் பார்த்தேன்.

"நிக்கிற வண்டியில சீட் பெல்ட் எதுக்குடா?"

மச்சான் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். "நான் போடலையே அத்தான்..."

"பழக்கத்துல போட்டிருப்ப. விடு."

விட்டிருக்கக் கூடாது.

கடைசிச் சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்தத் திறப்பை உள்ளங்கையால் அழுத்தி மூடுவது. வேறு ஓட்டை இல்லையென்றால் இரண்டு நொடியில் எஞ்சின் அணைந்துவிடும். கோடித் தடவை செய்திருக்கிறேன்.

மணி 2:31. மூடினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

அணையவில்லை. முள் எழுநூற்றைம்பதில் ஆணி அடித்தது போல நின்றது. அப்படி ஒரு சீரான ஐடிலை நான் ஜென்மத்தில் கேட்டதில்லை!

"பாத்தியாடா!" என்று திரும்பினேன்.

மச்சானின் தோளில் கிடந்த பெல்ட் இப்போது கழுத்தில் இருந்தது.

டிக்.

பெல்ட் ஒரு பிடி இறுகியது.

டிக்... டிக்...

அவன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. இரண்டு காலாலும் உதைத்தான். டாஷ்போர்டு பிளந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

கையை இழுத்தேன். வரவில்லை.

இடது கையால் சாவியைப் பிடுங்கினேன். எஞ்சின் ஓடியது. இன்ஜெக்டர் வயர் நான்கையும் பிய்த்து எறிந்தேன். பெட்ரோல் இல்லை. கரண்ட் இல்லை. ஓடியது. பெல்ட்டின் சிவப்புப் பொத்தானைக் குத்தினேன். அசையவில்லை.

டிக்.

மச்சானின் கண்கள் மேலே செருகின.

அப்போது என் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ அசைந்தது. வெதுவெதுப்பாக. ஈரமாக.

கடித்தது.

அப்போதுதான் உறைத்தது. என் கை அங்கே இருக்கும்வரை பெல்ட் இறுகும்.

எஞ்சின்மேல் காலை ஊன்றினேன். பல்லைக் கடித்தேன். இழுத்தேன்.

சதை கிழிந்தது.

ரத்தம் கண்ணாடியில் அடித்தது.

கை வந்தது... பெல்ட் விட்டது...

எஞ்சின் ஒரே ஒரு மூச்சு இழுத்தது. நீளமாக. தண்ணீரில் முங்கி எழுந்தவர்கள் இழுப்பார்களே, அப்படி.

அணைந்தது.

மணி 2:34.

மச்சான் கதவு வழியாகத் தரையில் விழுந்து ரத்தமாக இருமினான். பேச்சு வர ஐந்து நிமிடம் ஆனது.

"அக்காட்ட... சொல்லிடாதீங்க..."

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கையைக் கழுவினார். கழுவியவர் நிறுத்தினார். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"பெரியவரே, யாரோட வாயைப் பொத்துனீங்க?"

"எஞ்சினைத்தான் டாக்டர்."

"எஞ்சினுக்குப் பல்லு இருக்கா?"

மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. கீழே நடுவில் ஒரு பல் மட்டும் பதியவில்லை. டாக்டர் வெளியே போய் போலீசுக்கு போன் செய்துவிட்டார். என்னைக் கொலைகாரன் என்றே முடிவு கட்டிவிட்டார் மனிதர்!

வந்த இன்ஸ்பெக்டர் நரைத்தவர். கையைப் பார்த்தார். வண்டி நம்பரைக் கேட்டார். அதற்குமேல் என்னை எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பழைய போட்டோ ஒன்றோடு திரும்பிவந்தார்.

போட்டோவில் யாருடைய உள்ளங்கையோ. அதே வளைவு. அதே இடத்தில் அதே ஒரு பல் இல்லை.

"வண்டியோட பழைய ஓனர். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி டிரைவர் சீட்லயே செத்துக் கிடந்தான். கழுத்துல பெல்ட். வண்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஏறி ஏறி இறங்கிக்கிட்டு. கையில கடி, ரத்தம்கூடக் காயல. அவன் பொண்டாட்டியோட பல்லுதான்னு பல் டாக்டர் எழுதியே குடுத்தாரு."

"அப்ப அந்தம்மாவைப் பிடிச்சிருப்பீங்களே?"

இன்ஸ்பெக்டர் போட்டோவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எங்க போய்ப் பிடிக்கிறது? மாரடைப்புன்னு எல்லாருக்கும் சொல்லி, அவன் அந்தப் பொண்ணைப் புதைச்சு அன்னிக்கோட மூணு நாளு ஆச்சு."