பத்தோடு நிறுத்தினேன்

பேய்க் கதையை யாராவது தொடங்கினாலே எழுந்து போகிறவன் நான். திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளின் ரேடியோக்களைத் திருத்துவது என் தொழில். எங்காவது சத்தம் கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு கம்பி இருக்கும், கம்பி இல்லாவிட்டால் ஒரு ஆள் இருப்பான், அவ்வளவுதான். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வேலை போக எனக்கிருக்கும் ஒரே பைத்தியம் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக வானலையில் மற்றவர்களோடு பேசுவது. இப்போது அதில் கணினி வழியாகவும் பேசலாம். மென்பொருள் நம் குரலைப் பிழிந்து சின்னதாக்கி அனுப்பும், மறுபக்கத்தில் அது திரும்ப விரியும். அப்படி விரியும்போது என் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலிருக்கிறது என்று கிண்ணியா ரபீக் நானா குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். பதினைந்து வருடமாகப் பின்னேரங்களில் என்னோடு கதைக்கிற மனிதர். எனக்கிருக்கும் ஒரே சிநேகிதர் என்றும் சொல்லலாம், ஏனென்றால் என் வாய்க்கு மற்றவர்கள் நிற்பதில்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு, குரலைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். சோதித்துப் பார்ப்பதற்கென்று ஓர் இணைப்பு உண்டு, நாங்கள் அதைக் கிளி என்போம். பேசிவிட்டுப் பொத்தானை விட்டால், பேசியதை அப்படியே திருப்பிச் சொல்லும். நமக்குரிய அழைப்புக் குறியைச் சொல்லி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவது வழக்கம். மைக்கைக் கொஞ்சம் குறைத்து, மின்விசிறியின் இரைச்சலை வெட்டி, அடித்தொண்டைச் சத்தத்தையும் தணித்துவிட்டு எண்ணினேன். திரும்பி வந்தது பாருங்கள், அவ்வளவு தெளிவு, நானே எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பேசுகிற மாதிரி. எட்டு, ஒன்பது, பத்து. பிறகு ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். பிறகு, ‘பதினொன்று’.

என் குரல்தான். ஆனால் நான் பத்தோடு நிறுத்திவிட்டேன்.

மறுபடி எண்ணினேன். இந்த முறை பன்னிரண்டு வரை போனது. பயம் ஒன்றும் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரோ இடையில் புகுந்து விளையாடுகிறான், சந்தேகமே இல்லை. என் குரலை மணிக்கணக்காகப் பதிந்து வைத்திருப்பது யார்? ரபீக் நானாதான், அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. தொலைபேசியை எடுத்தேன்.

“நானா, உந்த விளையாட்டை நிப்பாட்டுங்கோ. என்ர குரலை வெட்டி ஒட்டுறது நீங்கள்தானே?”

“என்ன தம்பி கதைக்கிறீங்க? நான் இப்பதான் தொழுதிட்டு வாறன். ரேடியோக்குக் கிட்டவும் போகல்ல.”

“வேற ஆரிட்ட இருக்கு என்ர குரல்? கள்ள வேலை செய்துபோட்டுப் பொய்யும் சொல்லுறீங்கள்!”

“கள்ளன் எண்டுட்டீங்க. சரி தம்பி” என்று வைத்துவிட்டார்.

அந்த ஆத்திரத்திலேயே கணினி, மைக், ரேடியோ எல்லாவற்றையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பு என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு கிழமை கழித்து, அவருடைய களவை நிரூபிக்க வேண்டும் என்றே கணினியை மட்டும் வெளியே எடுத்தேன். மைக்கில் விழுவதை அனுப்புவதற்கு முன்பே மென்பொருள் ஒரு பிரதி எடுத்து வைக்கும். அதைப் போட்டுக் கேட்டேன். அதிலும் பதினொன்று இருந்தது. அதாவது, அந்தச் சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. என் அறையில், என் மைக்கில் விழுந்திருக்கிறது. அப்போது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அதைவிட எனக்கு வலித்தது, ஒரு நல்ல மனிதரைக் கள்ளன் என்று சொல்லிவிட்டேனே என்பதுதான். அடுத்த நாள் காலையே கிண்ணியாவுக்குப் புறப்பட்டேன். பாலத்தைத் தாண்டும்வரை என்ன சொல்வது என்று வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டே போனேன். பெண்டாட்டியிடம்கூட மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான்.

ரபீக் நானா வாசலுக்கே வந்து சிரித்தபடி கையைப் பிடித்தார். “நானா, நான் அண்டைக்கு...” என்று தொடங்கினேன்.

“அதுதான் வியாழக்கிழமை ரேடியோவில சொல்லிட்டீங்களே. எத்தின தரம் மன்னிப்புக் கேப்பீங்க?”

யாரோடு பேசினாலும் குறித்து வைக்கிற கொப்பி எங்கள் எல்லாரிடமும் இருக்கும். அவர் தன்னுடையதைத் திறந்து காட்டினார். வியாழன், பின்னேரம் நாலு இருபது, என் அழைப்புக் குறி, அவருடைய கையெழுத்தில். “நீங்க அழுததும் கேட்டிச்சு. குரல் அவ்வளவு தெளிவு, தம்பி” என்றார்.

இவர் நடிக்கிறாரோ என்று அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம் வந்தது, என் புத்தி அப்படி. முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. அந்த வியாழக்கிழமை எல்லாம் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது என்று எப்படிச் சொல்வது? அவர் மன்னித்தது அந்தக் குரலை அல்லவா? தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது பழையபடி கதைக்கிறோம். போன மாதம் ஒருநாள் சொன்னார், “நேத்து உங்கட அப்பாவப் பத்திச் சொன்னீங்களே, ராவெல்லாம் நித்திரை இல்ல எனக்கு.” அதற்கு முதல்நாள் முழுவதும் நான் நிலாவெளியில் ஒரு படகுக்குள் வேலையாக இருந்தேன். அப்பாவைப் பற்றி நான் உலகத்தில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

“ஓம் நானா” என்றேன். என்ன சொன்னேன் என்று கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.