கவிழ்ந்த முக்கோணம்

அக்காவின் வகுப்பில் பெஞ்சு கிடையாது. வெறும் தரைதான். அதில் கலர் டேப்பால் ஒட்டிய ஒரு வட்டம், ஒரு சதுரம், ஒரு முக்கோணம். அவள் கைதட்டி ஒன்றின் பெயரைச் சொன்னால், நான்கு வயது வாண்டுகள் பதினெட்டு பேரும் விழுந்தடித்து ஓடி அதற்குள் நிற்க வேண்டும். பிறகு மூலைக்கு ஒரு தவளைக் குதி. பதினோரு வருடமாக அவளும் கூடவே குதிக்கிறாள். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம் என்பாள்.

நான் மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டு வந்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவள் வீட்டில் கிடந்தேன். "மோட்டுவளையப் பாத்தது போதும்டி, வந்து டேப் ஒட்டு" என்று இழுத்துப் போனாள்.

பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை, பிள்ளைகள் உட்கார்ந்து புத்தகத்தில் கலர் அடித்துப் படித்தால் போதும் என்று நினைப்பவர். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாராம். பிள்ளைகள் வடிவங்களைச் சரியாகச் சொன்னால் தரை தப்பும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை பெஞ்சு. அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்கக் கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, தேய்ந்துபோன டேப்பை உரித்துவிட்டு நானே புதிதாக ஒட்டினேன்.

தலைமையாசிரியை ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார். வட்டம், சரி. சதுரம், சரி. "முக்கோணம்" என்றதும் ஓடிய கூட்டம் கோட்டருகே சடாரென்று நின்றுவிட்டது.

வகுப்பில் 'பெரிய மனுஷி' என்று பெயரெடுத்த ஒரு சிறுமி இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்: "இது முக்கோணம் இல்ல மிஸ். கவுந்து கெடக்கு."

இன்னொருவன் அது ஐஸ்கிரீம் கோன் என்றான். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. தலைமையாசிரியையின் பேனா ஏதோ எழுதியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா எப்போதும் முனை கரும்பலகையைப் பார்க்கும்படி ஒட்டுவாள். நான் பின்கதவுப் பக்கம் உட்கார்ந்து, முனையைக் கதவைப் பார்க்கும்படி வைத்திருந்தேன். தங்கை தப்பாக ஒட்டிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைத்துக்கொள்ளலாம்.

அக்கா முக்கோணத்தைக் குனிந்து பார்த்தாள்.

"தப்பு என்னோடது மேடம். பதினோரு வருஷமா ஒரே பக்கமா ஒட்டிப் பழக்கிட்டேன்."

சொல்லிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள்.

"இப்ப நான் யாரு?"

"மிஸ்" என்றார்கள். குப்புறப் புரண்டு கேட்டாள். அப்போதும் மிஸ்தான்.

பெரிய மனுஷி யோசித்தாள். டேப்பின் மேல் அடிமேல் அடி வைத்து நடந்து, ஒவ்வொரு மூலையிலும் நின்று எண்ணினாள். மூன்று. நம்பாமல் எதிர்ப்பக்கமாகவும் ஒரு சுற்று நடந்தாள். அப்புறம் உள்ளே குதித்து, "வாங்கடா, அதேதான். படுத்திருக்கு" என்றாள். மற்றவர்கள் அவள்மேல் போய் விழுந்தார்கள்.

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "அந்தச் சதுரத்தையும் திருப்பி ஒட்டிப் பாருங்க. என்ன சொல்றாங்கன்னு அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். பெஞ்சு அதுவரைக்கும் வேண்டாம்."

வீட்டுக்கு நடக்கும்போது, "இத்தன வருஷத்துல எத்தன பிள்ளைங்கள அரைகுறையா அனுப்பி வெச்சேனோ" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை டேப்பை என் கையில் திணித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டச் சொன்னாள்.