லண்டனுக்குப் பத்து மணி நேரம்

சிங்கப்பூரில் நான் தொடக்கநிலை ஆறு படித்த வருடம் எனக்கு யார் பேச்சிலும் நம்பிக்கை இல்லை. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு நெருங்க நெருங்க, வீட்டில் ஆளாளுக்குத் தேன் ஒழுகப் பேசினார்கள். அதுவே சரியாகப் படவில்லை. போதாக்குறைக்கு, அப்பாவுக்கு லண்டனுக்கு மாற்றல் என்றார்கள். வழியனுப்ப மட்டும் யாரும் வரக் கூடாதாம். எங்கள் குடும்பத்தில் ஒருவர் திருச்சிக்குப் போனாலே பத்துப் பேர் சாங்கி விமான நிலையத்துக்குப் படையெடுத்து, காப்பி குடித்து, போட்டோ பிடித்து, அவர் தலை மறையும்வரை கையாட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள். அப்பாவோ காலை ஒன்பது மணிக்குப் பசியாறிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக லிஃப்டில் இறங்கிப் போனார். அம்மா வாசலுக்குக்கூட வரவில்லை.

அன்று மாலை என் பெயருக்கு அர்ச்சனை செய்ய லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது இரவுச் சாப்பாட்டுக்குக் கடையில் தோசை கட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கோயில் வாசலில் அம்மா பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“வந்து சேந்துட்டேன்மா. இங்க ஒரே குளிரு,” என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. வேகம், தூரம், நேரம் என்று டியூஷன் டீச்சர் மாதக்கணக்கில் என் மண்டையில் ஏற்றியது சும்மாவா போகும்? லண்டன் ஏறக்குறைய பதினோராயிரம் கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம் என்று பறந்தாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பா வீட்டைவிட்டுப் போயே பத்து மணி நேரம்தான். மனுஷன் இன்னும் ஆகாயத்தில் அல்லவா இருக்க வேண்டும்!

“அங்க இப்ப மணி என்னப்பா?”

“ஏழுமா.”

கோயில் கடிகாரத்திலும் ஏழு. அடப் பாவமே, லண்டன் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால், அங்கே இப்போது நண்பகல்தானே! அப்பா அம்மாவை ஏமாற்றுகிறார், விவரம் தெரியாமல் அம்மா மல்லிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை அம்மா தாங்குவாரா? அதற்காக மறைக்கவும் முடியுமா?

“பொய் சொல்றீங்க! எங்க இருக்கீங்க?” என்று கத்தினேன்.

“அம்மாகிட்ட குடு,” என்றார் அப்பா.

அம்மா போனை வாங்கியதும் நான் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அம்மா அதிரவில்லை. சீறினார்.

“நாளைக்குக் காலையில போன் பண்ணுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? இதக்கூட ஒழுங்கா செய்யத் தெரியாதா? அவ பரீட்சை முடியிற வரைக்கும் பொறுக்க முடியலயா?”

போனை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

“அப்பா லண்டன் போகலடி. பூன் லேல தனியா ரூம் எடுத்துருக்காரு. இனிமே அங்கதான் இருப்பாரு. எக்ஸாம் முடிஞ்சதும் ஒங்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம் லா.”

பூன் லே! எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவா சூ காங்கில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம். இதற்கா இத்தனை நாடகம்? பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டார் என்று நான் பயந்தது போதாதா?

“அப்பாவுக்கும் ஒரு தோசை கட்டச் சொல்லுங்கம்மா,” என்று அம்மாவை இழுத்தேன். “இப்பவே கெளம்பச் சொன்னா, நமக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுவாரு.”