இரண்டடித் தொட்டியில் மூன்று ஆஸ்கர்

"தொட்டி எம்புட்டோ, மீனும் அம்புட்டுத்தான் சார் வளரும்."

காரைக்குடியில் அலங்கார மீன் விற்கும் ஒருவர் இதைச் சொன்னபோது நான் தலையாட்டினேன். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். சிறிய அறையில் அடைத்து வளர்த்தால் பிள்ளை குட்டையாகவே நின்றுவிடும் என்று எவனாவது சொல்லியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். மீனைப் பற்றி அதே பொய்யைச் சொன்னார்கள், சிரித்தபடி கேட்டுக்கொண்டேன். இந்தப் பொய் இன்றும் கடைக்குக் கடை சொல்லப்படுகிறது. நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் கடைக்காரர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது.

தொட்டி கேட்டது என் மனைவி. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டடித் தொட்டி, அதில் சிறு மீன்கள். அவ்வளவுதான் அவள் கேட்டது. கைத்தடியோடு அவளும் கடைக்கு வந்தாள். கடையின் மூலையில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில் மிகச் சிறிய வகை ஒன்று இருந்தது. ஆப்பிரிக்க ஏரி மீன். விரலில் ஒன்றரைக் கணு நீளம். மணலில் கிடக்கும் காலி நத்தைக் கூடுதான் அதற்கு வீடு. ஒன்று கூட்டிலிருந்து தலையை நீட்டி, பக்கத்துக் கூட்டுக்காரனை விரட்டிவிட்டு மறுபடி உள்ளே புகுந்துகொண்டது.

"பாருங்களேன், நம்ம பங்காளி வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கு," என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்த மீன் இரண்டடிக்குப் பொருந்தும். சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீர் கேட்கும். எங்கள் போர்த் தண்ணீரில் வாளியெல்லாம் வெள்ளை படிந்து கிடக்கும். எல்லாம் தானாக அமைந்திருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன்.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீடு, வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும்படி கட்டியது. வழியில் எதை வைத்தாலும் வருகிறவர் கண்ணில் படும், படுவதற்காகவேதான் வைப்போம். எங்கள் ஆட்கள் பாத்திரம் வாங்கினாலும் அப்படித்தான், நிலைக்கண்ணாடி வாங்கினாலும் அப்படித்தான். நான் மீனையும் அப்படியே வாங்கினேன். வாசலிலிருந்து பார்த்தால் அந்த நத்தைக்கூட்டு மீன் தெரியாது. வீட்டின் மறுபாதியில் இருக்கும் என் பங்காளி, "என்னண்ணே, வெறும் நத்தைக் கூட்டை வளக்குறீகளா?" என்று கேட்பான் என்று அங்கேயே எனக்குத் தோன்றிவிட்டது.

அதனால் அதே சிக்லிட் குடும்பத்து ஆஸ்கர் மீன். கறுப்பில் நெருப்புச் சிவப்பு. மூன்று குஞ்சுகள், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம்.

"இது பெருசா வளராதா?" என்று மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் வளராது ஆச்சி," என்றார் கடைக்காரர். நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலை படித்துப் பார்த்தேன். வளர்ந்த ஆஸ்கர் ஓரடி நீளம். ஒரு மீனுக்கே முந்நூறு லிட்டர் வேண்டும் என்று எழுதியிருந்தது. என் தொட்டி ஐம்பத்தைந்து லிட்டர். அன்றே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் பங்காளி அதற்குள் வந்து, "ஆகா, வாசல்ல நிக்கும்போதே தெரியுதே!" என்று சொல்லிவிட்டான். படித்ததை மனைவியிடம் சொல்லாமல் மறைத்தேன்.

மாதம் ஓர் அங்குலம் வளர்ந்தன. நாலாம் மாதம் ஒன்று செத்து மிதந்தது. ஆறாம் மாதம் ஒன்றை மற்றொன்று மூலையில் தள்ளிக் கடித்தே கொன்றது. மிஞ்சியது ஒரு சாண் நீளமாகி, திரும்புவதற்கு வாலைக் கண்ணாடியில் அழுத்தி உடம்பை வளைக்க வேண்டியிருந்தது. தலையில் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழுந்தன. மனைவி நாற்காலியில் உட்கார்ந்தால் அது கண்ணாடியருகே வந்து நிற்கும். அவள் கையிலிருந்துதான் தின்னும்.

"திரும்பவே சிரமப்படுதுங்க. பார்க்க முடியல," என்றாள்.

"இனி வளராது. இதுதான் அதோட அளவு," என்றேன். அதே பொய்யை, கடைக்காரரைவிடத் தெளிவான தமிழில், என் மனைவியிடம் சொன்னேன்.

பத்தாம் மாதம் கோபத்தோடு கடைக்குப் போனேன். "என்னய்யா சொல்லி இந்த மீனைக் கொடுத்தீர்?" என்று கத்தினேன்.

அவர் வலையைக் கீழே வைக்கவில்லை. "சார், நீங்க காலேஜ்ல மீனைப் பத்திப் பாடம் எடுத்தவுக. நான் எட்டாங்கிளாசு. நான் சொன்னதையா நம்புனீக?"

ஒரு குஞ்சை வலையில் அள்ளியபடி அவரே தொடர்ந்தார்.

"பெருசாயிருச்சுன்னா ஊரணில விட்டுருங்க. எல்லாரும் அதைத்தான் செய்றாக."

இதைக் கேட்டதும் உண்மையிலேயே கொதித்துவிட்டது. எங்கள் ஊரணிகளில் ஜிலேபி கெண்டை மண்டி, நாட்டு மீன் அரிதாகிப் போனது ஊருக்கே தெரியும். அதுவும் ஒரு சிக்லிட்தான், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் காதில் கேட்டது அவருடைய முதல் கேள்வி மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து, இது ஓரடி வளரும் மீன் என்பதை மனைவியிடம் சொன்னேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வாங்கின மறுநாள்."

"மறுநாளேவா?" மீன் பக்கம் திரும்பினாள். "பத்து மாசமா இதுக்கு நான் சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீங்க எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தீகளாக்கும்." பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாச்சியாபுரம் பக்கம் பழைய வீட்டை விடுதியாக்கி நடத்தும் நண்பர் ஒருவரிடம் ஆறடித் தொட்டி இருந்தது. மீனை ஏற்றுக்கொள்ளக் கேட்டதும் சம்மதித்து எடுத்துப் போனார். ஒரு வாரம் கழித்து இருவரும் பார்க்கப் போனோம். ஆறடி நீளத்தில் அந்த மீன் இடது ஓரத்தில் இரண்டடிக்குள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. இல்லாத கண்ணாடிக்கு முன்னால் நின்று, உடம்பை வளைத்துத் திரும்பியது.

"உங்க மீனு பயந்த சுபாவம் போல," என்று நண்பர் சிரித்தார். பக்கத்தில் விருந்தாளிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்கு ஒரு பயமும் இல்லை," என்றேன். "இரண்டடியில் வளர்க்கக் கூடாது என்று தெரிந்தே வளர்த்தேன். நான்தான் அதை இப்படி ஆக்கினேன்."

நண்பர் அவசரமாகக் காபி கொண்டுவரச் சொன்னார். மனைவி கைத்தடியை ஊன்றித் தொட்டியின் வலது ஓரத்துக்கு நடந்து போய், கண்ணாடியில் விரலை வைத்து, மீன் தன்னைப் பார்த்து அங்கே வரட்டும் என்று காத்து நின்றாள்.